எலுமிச்சைப் பட்டைக்கு அடியில்

புளியங்குடிக்கு வருகிறவர்கள் எலுமிச்சங்காயைத் தேடி வருகிறார்கள். நான் தேடிப் போவது செத்துக் காய்ந்த எலுமிச்சைக் கிளையை. கட்டைவிரல் கனமோ தொடை கனமோ, எதுவானாலும் சரி. பட்டை லேசாக விட்டுக்கொடுத்திருக்க வேண்டும், உள்ளே கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்க வேண்டும். அப்படி ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அன்றைக்குச் சோறு தண்ணீர் எதுவும் எனக்கு வேண்டாம். பட்டையின் ஓரத்தில் கத்தி முனையை நுழைத்து மெல்ல நெம்பும்போது, அடுத்த நொடி என்ன ஓடி வரப்போகிறதோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், அந்தச் சுகத்துக்கு ஈடே கிடையாது! புலி பார்க்கக் காட்டுக்குப் போகிறவர்கள் நாள் முழுக்க ஜீப்பில் குலுங்கிவிட்டு ஏமாந்து திரும்புவதுண்டு. பட்டைக்கு அடியில் வண்டு தேடுகிறவனுக்கு அந்த ஏமாற்றம் வாய்ப்பதே இல்லை.

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது புளியங்குடி. திரும்பின பக்கமெல்லாம் நாட்டு எலுமிச்சைத் தோட்டம். மண்டியில் ஏலம் முடிந்ததும் மூட்டை மூட்டையாகக் கேரளாவுக்கு லாரி ஏறும். கோடையில் விலை ஏறிவிட்டால் ஊர் முகமே மாறிவிடும். ஆனால் எலுமிச்சைக்கு ஒரு குணம் உண்டு. வயதானாலும், வேரில் தண்ணீர் கட்டினாலும், பிசின் வடியும் நோய் வந்தாலும், கிளைகள் நுனியிலிருந்து அடி நோக்கிக் காய்ந்துகொண்டே வரும். தோட்டக்காரர்கள் கவாத்து பண்ணி, வெட்டின இடத்தில் போர்டோ பசை தடவிவிட்டு, காய்ந்த வாதுகளை வேலியோரம் குவித்து வைப்பார்கள். பாதி அடுப்புக்குப் போகும், மீதியை அங்கேயே கொளுத்திவிடுவார்கள். தீ வைக்கும் முன்னால் அந்தக் குவியலிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பதே என் கவலையெல்லாம்.

"முள்ளு கிழிச்சிரும் அண்ணாச்சி, அதுக்குள்ள என்னத்தத் தேடுதிய?" என்று கேட்டார் நான் வழக்கமாகப் போகும் தோட்டத்துக்காரர், முதல் தடவை என்னைப் பார்த்தபோது. வண்டு என்றேன். "வண்டா? நாங்க அதுக்குத்தான மருந்தடிக்கோம்!" என்றார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பட்டையைத் திறந்து காட்டினேன். அரை மணி நேரம் லென்ஸை என்னிடம் திருப்பித் தரவே இல்லை.

உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது? உயிருள்ள மரத்தில் பட்டைக்கு உள்புறமாக ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. இலை சமைத்த சர்க்கரை அந்த வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. மரத்தின் மற்ற பாகம் பெரும்பாலும் செல்லுலோஸும் லிக்னினும்; கடிக்கவும் கஷ்டம், செரிக்கவும் கஷ்டம். இந்த ஒரு அடுக்கில் மட்டும்தான் சத்து கொட்டிக் கிடக்கிறது. கிளை சாகத் தொடங்கியதும் காவல் போய்விடுகிறது. எலுமிச்சையின் பிசினும் பட்டையின் காரமும் தடுத்து வைத்திருந்தவை எல்லாம் உள்ளே நுழைகின்றன. நுழைவதிலும் ஒரு வரிசை உண்டு. பட்டை இறுக்கமாக இருக்கும்போதே வருகிறவை துளைப்பான்கள். அவற்றைத் தின்ன வருகிறவை அடுத்து. சாறு புளித்து, பூஞ்சை பூத்து, பட்டை தளர்ந்த பிறகு பூஞ்சை மேய்கிற சின்னஞ்சிறுசுகள். கடைசியில் கறையானும் எறும்பும். ஒரே கிளையின் நுனியில் கடைசி வரிசையும் அடியில் முதல் வரிசையும் இருக்கும்! முழம் போட்டு அளந்தால் இரண்டு முழம்கூட வராத கிளையில் இத்தனை குடித்தனம்.

எனக்கு உயிரான வண்டிலிருந்து தொடங்குகிறேன். ஹோலோலெப்டா. சாரல் பிடித்த ஒரு காலையில், தொடை கனத்துக்கு இருந்த ஒரு பட்ட மரத்தின் அடிப்பட்டையைத் திறந்தேன். உள்பக்கம் கருப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு இருந்தது. அதன் மேல் பளபளவென்று ஒரு கருப்பு. நீளம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மேலேயும் கீழேயும் இஸ்திரி போட்டு எடுத்தது போல அப்படி ஒரு தட்டை. தலைக்கு முன்னால் வளைந்த இரண்டு தாடைகள் நேராக நீட்டிக்கொண்டிருக்க, முன்னங்கால்கள் அகலமாக, ஓரத்தில் பல் வைத்து, தோண்டுவதற்கென்றே செய்யப்பட்டவை. முன்சிறகு கட்டையாக இருப்பதால் வயிற்றின் கடைசிக் கண்ணிகள் வெளியே தெரிந்தன. தொட்டதும் ஆறு கால்களையும் உடம்போடு ஒடுக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்தக் கருப்பில் என் விரலும் வானமும் தெரிகின்றன! அப்படி ஒரு மெருகு. சற்றுப் பொறுத்து ஒரு கால் வெளியே வந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் ஒரே வழுக்கல். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, அஞ்சலட்டை நுழையுமா என்று யோசிக்க வைக்கும் இடுக்கில், காணாமல் போய்விட்டது. அது போன இடத்தில் ஈப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அதற்குத்தான் வந்திருக்கிறது. வளர்ந்த வண்டும் சரி, அதன் புழுவும் சரி, இரண்டுமே வேட்டைக்காரர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த ப்ளேசியஸ் என்ற பெரிய வண்டை, வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிப்பதற்காக ஜாவாவிலிருந்து பீஜித் தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால் இவர்களின் வேட்டைத் திறமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தட்டையாக இருப்பதுதான் பட்டைவாசிகளின் பெரிய வித்தை. ஹோலோலெப்டாவுக்குப் பக்கத்திலேயே இன்னும் சிறியவை ஓடும்: பழுப்பு நிறம், இரண்டு மில்லிமீட்டர் நீளம், உணர்கொம்பை முன்னால் ஆட்டிக்கொண்டு விறுவிறுவென்று. இவற்றைப் பார்த்தவுடன் உங்களுக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம் வரும். வரத்தான் செய்யும். உங்கள் வீட்டு அரிசி டப்பாவில் பார்த்திருக்கிறீர்கள்! கிரிப்டோலெஸ்டஸ் என்ற அந்தத் தட்டை வண்டுகளின் குடும்பமே பட்டைக்கு அடியில் குடியிருக்கிற குடும்பம்தான். பூஞ்சையைத் தின்பவை, துளைப்பான்களைத் தின்பவை என்று பல வகை. இவற்றின் புழு கழுத்துப் பக்கத்திலிருந்து பட்டு நூல் சுரந்து கூடு கட்டிக்கொள்ளும். நெல்லைத் துளைக்கிற சின்ன உருளை வண்டு இருக்கிறதே, ரைசோபெர்த்தா, தலையை ஒரு முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு திரியுமே, அதன் சொந்தபந்தங்கள் எல்லாம் கட்டைகளைக் குடைகிறவை. ரவையிலும் மாவிலும் ஓடும் செந்நிற வண்டான டிரைபோலியத்தின் பூர்வீகமும் பட்டைக்கு அடிதான் என்று பூச்சியியலாளர்கள் கருதுகிறார்கள். காய்ந்த இடம், இருட்டு, இடுக்கு, பூஞ்சையும் செத்த பூச்சியும் கலந்த சாப்பாடு. இதற்கெல்லாம் பழகிய ஓர் உயிருக்கு, மனிதன் தானியத்தைக் குவித்து வைக்கத் தொடங்கியபோது கிடைத்தது முடிவே இல்லாத ஒரு பட்டையிடுக்கு. 2008ல் வண்டினத்திலேயே முதன்முதலாக முழு மரபணுத் தொகுப்பும் வாசிக்கப்பட்டது இந்த மாவு வண்டுக்குத்தான். ரவையை வறுத்து வைக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த எலுமிச்சைக் கிளைதான் நினைவுக்கு வருகிறது. மாவு வண்டுமீது எனக்கு மரியாதை கூடிவிட்டது, உண்மையாகவே!

இனி சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் அடித்த சமாச்சாரம்.

சில கிளைகளில், பட்டையை இன்னும் திறக்காதபோதே, வெளியே மெல்லிய வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். மழை பெய்தால் கரைந்துவிடும். அது மரத்தூள். உள்ளே ஒரு வண்டு குடைந்து, தூளை இழையாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போகிறது. அந்தத் துளை குண்டூசித் தலையைவிடச் சிறியது. அதன் வழியாகக் கிளையைப் பிளந்தால், சுரங்கத்தின் சுவர் கறுத்திருக்கும். அந்தக் கறுப்பு அழுக்கில்லை, பயிர். ஆம்புரோசியா வண்டுகள் மரத்தைத் தின்பதில்லை. மரத்துக்குள் பூஞ்சை பயிரிட்டு, அந்த வெள்ளாமையைத்தான் தின்கின்றன.

தாய் வண்டு பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போதே விதைப்பூஞ்சையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. அதற்காகவே அதன் உடம்பில் ஒரு பை இருக்கிறது. ஸைலோசாண்ட்ரஸ் என்ற வகையில் அந்தப் பை முதுகில், மார்புக் கண்ணிகளுக்கு இடையில். புதுக் கிளையைக் குடைந்து, சுவரில் பூஞ்சையைப் பதியம் போட்டு, முட்டையிட்டு, பிள்ளைகள் வளரும் வரை வயலைக் காவல் காக்கிறது. வேண்டாத பூஞ்சையைக் களை எடுக்கிறது, கழிவை வெளியே தள்ளுகிறது. மனிதன் ஏர் பிடித்து ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகள். இந்த வண்டு வம்சம் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வேளாண்மை செய்கிறது! 1836ல் ஷ்மிட்பெர்கர் என்ற ஆஸ்திரியர் சுரங்கச் சுவரில் படர்ந்திருந்த அந்தப் பொருளைப் பார்த்து, தேவர்களின் உணவு என்ற பொருளில் ஆம்புரோசியா என்று பெயர் வைத்தார். அது பூஞ்சை என்பது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. பெயர் வைத்தவரின் ரசனைக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

குடும்ப அமைப்பும் விசித்திரம். கருவுற்ற முட்டை பெண்ணாகிறது, கருவுறாத முட்டை ஆணாகிறது. ஆண் குட்டை, பறக்கத் தெரியாது, அநேகமாக வெளி வெளிச்சத்தையே பார்க்காமல் வாழ்ந்து முடிக்கிறது. ஒரு கூட்டில் சகோதரிகள் பலர், சகோதரன் ஓரிருவர். அங்கேயே இணை சேர்ந்துவிட்டு, பெண்கள் பையில் பூஞ்சையோடு வெளியேறிப் பறக்கின்றன. ஒரே ஒரு தாய் போதும், ஒரு புது ஊரையே உண்டாக்கிவிடலாம். அதனால்தான் இவை கப்பலேறி உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன. 1868ல் ஐக்ஹோஃப் என்ற அறிஞர் இலங்கையில் கிடைத்த ஒரு வண்டை முதன்முதலாக விவரித்து எழுதினார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தலைவலி கொடுக்கிற தண்டுத் துளைப்பான் அதுதான். அதே கூட்டத்து வண்டுகள் இன்று கலிஃபோர்னியாவின் வெண்ணெய்ப்பழத் தோட்டங்கள் வரை போயிருக்கின்றன. 1990ல் நீலகிரியின் கூடலூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டு இந்தியக் காபித் தோட்டங்களையெல்லாம் கலங்கடித்த காபிக் காய்த் துளைப்பானும் பட்டை வண்டுகளின் வம்சம்தான். கிளையை விட்டுவிட்டுக் காய்க்குள் குடியேறிய ஒரு கிளைக் குடும்பம்.

இவை எப்படி மரத்தைத் தேர்ந்தெடுக்கின்றன தெரியுமா? சாராய வாடை. வேரில் தண்ணீர் தேங்கி மூச்சுமுட்டும் மரம் எத்தனாலை வெளிவிடும். அந்த வாடை பிடித்துத்தான் வருகின்றன. அந்தச் சாராயம் இவற்றின் பூஞ்சைப் பயிருக்கு நல்லது, போட்டிக்கு வரும் மற்றப் பூஞ்சைகளுக்கு ஆகாது என்று 2018ல் ஓர் ஆய்வு காட்டியது. களைக்கொல்லியே வயலோடு சேர்ந்து கிடைக்கிறது! இதைத் தோட்டக்காரரிடம் சொன்னபோது அவர் வண்டை விட்டுவிட்டு வாய்க்காலைப் பார்க்கப் போனார். அது சரியான காரியம். இந்த வகையில் வண்டு வந்ததால் மரம் வாடியது என்பதைவிட, மரம் வாடியதால் வண்டு வந்தது என்பதே பெரும்பாலும் உண்மை. வெள்ளைத் தூள் இழை தெரிந்தால் மருந்துக் கடைக்கு ஓடும் முன் வடிகாலைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

எல்லா வண்டும் அப்படிப் பின்னால் வருகிறவை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கெலிடோனியம் என்ற நீள்கொம்பு வண்டு பச்சைக் கிளைக்கே வரும். தென்னிந்தியாவில் எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துக்குப் பழைய பகையாளி. அதன் புழு இளங்கிளையின் பட்டைக்கு உள்ளே வளையமாகச் சுற்றித் தின்றுவிட்டு, நடுத்தண்டில் கீழ்நோக்கி இறங்கும். எச்சத்தை வெளியே தள்ள இடையிடையே துளை போட்டுக்கொண்டே போகும். நுனி வாடித் தொங்கும்போது தோட்டக்காரர் மனம் என்ன பாடுபடும் என்பது எனக்குத் தெரியும். அந்த நுனியை உடனே வெட்டி எடுத்துவிடுவதுதான் நல்லது. ஆனால் வண்டின் அழகைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். கரும்பச்சை உலோக மினுக்கு, முன்சிறகின் குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை, உடம்பைவிட நீண்டு வளைந்த கொம்புகள். இந்தக் கூட்டத்து வண்டுகளிடம் வாசனைச் சுரப்பி உண்டு. கையில் எடுத்துவிட்டு விரலை மோந்து பாருங்கள்!

அந்தப் புழுவுக்கும் எமன் இருக்கிறது, அதுவும் வண்டுதான். பஸாண்ட்ரிடே என்ற குடும்பத்தின் புழு, துளைப்பான்களின் கூட்டுப்புழுவைத் தேடிப் பிடித்து, வெளியே ஒட்டிக்கொண்டு, அதையே தின்று வளர்கிறது. சீனாவில் டஸ்டார்கஸ் என்ற இன்னொரு வண்டை வளர்த்து, நீள்கொம்பு வண்டுகளை அடக்க மரங்களில் விடுகிறார்கள். மல்லாந்தால் 'டிக்' என்று எம்பிக் குதிக்கும் வண்டை நாம் எல்லோரும் விளையாட்டாகப் பார்த்திருப்போம். அதன் உறவுகள் பலவற்றின் புழுக்களும் பட்டைக்குள் வேட்டையாடித் திரிகின்றன. பட்டைக்கு அடியில் கொல்லவே முடியாத வில்லன் என்று யாரும் இல்லை.

உயிருள்ள எலுமிச்சை மரத்தின் அடிப்பட்டை வெடிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். அங்கே ஒதுங்குகிறவர்களில் ஒருவர் கிரிப்டோலேமஸ் பொறிவண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. ஆல்பர்ட் கோபெல் 1891ல் இதைக் கலிஃபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார். இந்தியாவுக்கு 1898ல் வந்தது. மாவுப்பூச்சி விழுந்த தோட்டங்களுக்கு இன்றும் விவசாயிகள் வாங்கிவந்து விடுவது இதைத்தான். இதன் புழு உடம்பு முழுக்க வெள்ளை மெழுகுச் சடை வைத்துக்கொண்டு, மாவுப்பூச்சி மாதிரியே மாவுப்பூச்சிகளுக்கு நடுவே உட்கார்ந்து மாவுப்பூச்சியைத் தின்னும். வயிறு நிறைந்ததும் மரத்தில் இறங்கி, பட்டை வெடிப்பிலோ சருகு மறைவிலோ ஒடுங்கிக் கூட்டுப்புழுவாகும். தண்டைத் தேய்த்துச் சுத்தம் பண்ணும்போது வெடிப்பில் வெள்ளையாக ஒன்று ஒட்டியிருந்தால் லென்ஸில் ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அது நம்ம ஆளாக இருக்கலாம்.

பொய்த்தேள்களைப் பற்றி எழுத ஆசை, ஆனால் அவை வண்டில்லை, இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். இறகுச்சிறகு வண்டுகளை மட்டும் சொல்லாமல் விட முடியாது. பட்டையின் உள்பக்கத்தில் பூஞ்சை படர்ந்த இடத்தை லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தபோது, தூசி ஒன்று தானாக நகர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் அதற்குக் கால், கொம்பு எல்லாம் இருக்கிறது! ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத முழு வண்டு. உலகிலேயே மிகச் சிறிய வண்டு இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறது: நிகராகுவாவிலும் கொலம்பியாவிலும் கிடைத்த ஸ்கைடோசெல்லா, 0.325 மில்லிமீட்டர். இவற்றின் சிறகில் நாம் நினைக்கிற மாதிரி விரிந்த சவ்வு கிடையாது. ஒரு குறுகிய தண்டும் அதைச் சுற்றி நீண்ட மயிர்களும்தான். இந்த உருவத்துக்குக் காற்றே பாகுபோலத் தடிமனாகிவிடும், அதில் எப்படிப் பறக்கின்றன என்பது வெகுநாள் புதிராக இருந்தது. 2022ல் அதிவேகக் கேமராவில் படம்பிடித்துக் கண்டுபிடித்தார்கள். சிறகுகள் எட்டுப் போட்டபடி வீசுகின்றன. உடம்பு தலைகுப்புற ஆடிவிடாமல் முன்சிறகுகள் பிடித்து நிறுத்துகின்றன. இத்தனையும் ஒரு தூசிக்குள்! மண்டிக்குப் போக வேண்டாத எலுமிச்சைக் கிளையின் உள்பக்கத்தில்!

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. உயிருள்ள மரத்தின் பட்டையைத் தொடவே தொடாதீர்கள். காயம் பட்ட இடத்தில் நோய் இறங்கும். குவியலில் கிடக்கும் கிளை, பட்டுப்போன மரம், இவை போதும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். முள்ளுக்குத் தடித்த முழுக்கைச் சட்டை, மழுங்கின கத்தி, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கை லென்ஸ், கீழே விரிக்க வெள்ளை வேட்டித் துண்டு. தேளும் பூரானும் அங்கேதான் குடியிருக்கும், விரலை விட்டுத் துழாவக் கூடாது. பட்டையைக் கிழித்து எறியாமல் ஒரு ஓரத்தில் தொங்கவிட்டுத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி பொருத்திச் சணலால் கட்டிவிடுங்கள். ஈரம் காயாது, உள்ளே இருப்பவை பிழைக்கும், அடுத்த முறை வந்தால் வேறு ஆட்கள் குடிவந்திருப்பார்கள்.

எங்கள் தோட்டக்காரர் இப்போது கிணற்றோரம் ஒரு குவியலைக் கொளுத்தாமல் எனக்காக விட்டுவைத்திருக்கிறார். பச்சைக் கிளைத் துளைப்பான் இருந்த நுனிகளை மட்டும் பிரித்து எரித்துவிட்டார், அது நியாயம். பஸாண்ட்ரிடே புழு ஒட்டியிருக்கும் ஒரு கூட்டுப்புழுவைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை; அந்தக் குவியலில் கிடைக்கும் என்று மனம் சொல்கிறது. ஜூனில் சாரல் பிடித்ததும் கிளம்புகிறேன். விருப்பமிருக்கிறவர்கள் கூட வாருங்கள். லென்ஸ் இல்லாவிட்டால் பரவாயில்லை, என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது.